கிடாரத்தில் குறைந்ததைச் சொன்ன கை

கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறிவிட்டால் கடைசி நாள் கந்தூரிக்கு ஊரே காத்திருக்கும். அன்று விடியுமுன்பே அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். வரிசையாகக் கிடாரங்கள். ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டு ஆடு, கடலுக்குப் போகிற ஒருவர் கொடுத்த காசு, மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகன் அனுப்பிய நேர்ச்சை. வந்ததெல்லாம் ஒரு கொப்பியில் பதியப்படும். உள்ளே போட்டுக் கிண்டிய பிறகு எது யாருடைய அரிசி என்று பிரிக்க ஏலாது.

அந்தச் சமையலில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது ஒன்றுண்டு. கொப்பியில் எத்தனை கிலோ இறைச்சி என்று எழுதியிருந்தாலும், உள்ளே எவ்வளவு போனது என்பது அகப்பை பிடிக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். கிண்டும்போது கை சொல்லிவிடும். பொறுப்பாளருக்கும் தெரியாமல், கணக்கு எழுதுகிறவருக்கும் தெரியாமல், அந்தக் கைக்கு மட்டும் தெரிகிற நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது அவர் என்ன செய்கிறார், செய்த பிறகு அவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அரச கந்தோரும் அப்படியொரு கிடாரம்தான். அதில் வேகுவது வரிப்பணம். பருப்புக்கும் மாவுக்கும் நாம் கொடுக்கிற வரியும் அதற்குள் இருக்கிறது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையோரத்தில் அரசாங்க உத்தியோகம் இல்லாத குடும்பம் குறைவு. ஆகவே அகப்பை பிடிக்கிற கைகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன.

ஒரு ராத்தாவைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், கந்தோரும் வேண்டாம். முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். வவுச்சர்கள் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும். ஒரு நாள் 100 மூட்டைச் சீமெந்துக்குப் பணம் கொடுத்த வவுச்சர் வருகிறது. களஞ்சியப் புத்தகத்தில் 60தான் இருக்கிறது. மார்ச் 3ஆம் திகதி தலைமை அலுவலருக்கு எழுத்தில் அறிவிக்கிறார். மார்ச் 24ஆம் திகதி அவர் கைக்கு ஓர் இடமாற்றக் கடிதம் வருகிறது: பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் போகவேண்டிய இடம், காரணம் “சேவையின் தேவை கருதி”. ஏப்ரல் முதல் வாரத்தில், கந்தோரிலிருந்து நேரத்தோடு போனதாக விளக்கம் கோரி இன்னொரு கடிதம்.

கிடாரத்தில் இறைச்சி குறைவு என்று சொன்ன கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கி, பாத்திரம் கழுவ அனுப்பியாயிற்று. இனி அவர் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் இதற்குப் பெயர் வைத்த ஒரு வழக்கு இருக்கிறது. அரச ஊழியர் முறைகேட்டைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டால், பேச்சுரிமை மீறப்பட்டது என்று சிவில் உரிமை வழக்குப் போடலாம். பழிவாங்கல் என்பதே அங்கே தனி வழக்குக் காரணம். நம் அரசியலமைப்பில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. அதனால் வழக்கே இல்லை என்று அர்த்தமில்லை. கடையில் கறித்தூள் கிடைக்காவிட்டால் மல்லி, மிளகாய், சீரகம் வறுத்து இடித்துக்கொள்வதில்லையா, அப்படி இருக்கிற உறுப்புரைகளைச் சேர்த்து இதை ஆக்கிக்கொள்ள வேண்டும். 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவமும் சட்டத்தின் சமமான பாதுகாப்பும் தருகிறது. 14(1)(அ) பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் உள்ள சுதந்திரம். இந்த இரண்டில் முதலாவதுதான் பெரும்பாலும் பாரத்தைத் தாங்கும்: கெட்ட நோக்கத்தோடு, தன்னிச்சையாக, அதிகாரம் எதற்குத் தரப்பட்டதோ அதை விட்டு வேறொன்றுக்காகச் செய்யப்பட்ட முடிவு சமமான பாதுகாப்பை மறுக்கிற முடிவு. “அரச ஊழியர் அரசின் விருப்பம் உள்ளவரைதானே பதவியில் இருக்கிறார்” என்ற பழைய வாதமும் இங்கே செல்லாது. அந்த விருப்பம்கூட அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டதுதான் என்று பண்டார எதிர் பிரேமச்சந்திர வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது; 1994ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

இந்த வழக்கைச் சமைக்க நாட்டில் ஒரே ஓர் அடுப்புத்தான் உண்டு: கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றம். 17ஆம் உறுப்புரை உரிமையைத் தருகிறது, 126ஆம் உறுப்புரை வழியைத் தருகிறது. அடிப்படை உரிமை மனு என்ற சொல் நம் பகுதிக்குப் புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு சவூதி உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள் அப்படியொரு வழக்கால்தான் பகிர்ந்தளிக்கப்படாமல் நின்று, ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்தன. ஒரு தாளில் எழுதிய மனுவுக்கு எவ்வளவு பலம் என்பதை இந்த ஊர்கள் கசப்பாகத்தான் அறிந்தன. அதே பலம் ஒரு தனி ஊழியருக்கும் கிடைக்கும் என்பது மட்டும் பரவலாகத் தெரியவில்லை.

மனுவுக்குள் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ராத்தாவின் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “சீமெந்து களவு போனத ஒங்களால ஒப்பிக்க ஏலுமா?” அவர் இரவெல்லாம் வவுச்சர் நகல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதற்காகத்தான். ஆனால் இந்த வழக்கில் தீர்ப்புக்கு வருவது சீமெந்து அல்ல. இறைச்சியை நிறுக்கும் வேலை கணக்காய்வாளருக்கும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கும் உரியது. உயர் நீதிமன்றம் பார்ப்பது அகப்பை ஏன் பிடுங்கப்பட்டது என்பதை. இறைச்சி உண்மையில் சரியாகவே இருந்திருக்கலாம், ராத்தா எண்ணியதில் பிழை இருக்கலாம். நல்லெண்ணத்தோடு, நியாயமான ஆதாரம் வைத்துச் சொன்னாரா, சொன்னதற்காகத்தான் அகற்றப்பட்டாரா என்பதே வழக்கு. இது விளங்காமல், திருட்டை நிரூபிக்கும் ஆதாரம் தேடியே மாதக்கணக்கைத் தொலைத்தவர்கள் உண்டு.

மனுவில் காட்டவேண்டியவை மூன்று. முதலில், யாரிடம் சொன்னார் என்பது. சமையலறையில் உப்புக் கூடிவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்வதற்கும் தெருவில் நின்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சட்டமும் அந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. ராத்தா தலைமை அலுவலருக்கு எழுதியது துரோகமோ கோள்மூட்டலோ அல்ல. அரச நிதிப் பிரமாணங்களில் 104ஆம் இலக்கத்தை எடுத்துப் பாருங்கள்: அரச சொத்துக்கு இழப்பு ஏற்பட்டால் 7 நாளுக்குள் ஆரம்ப அறிக்கையும் 3 மாதத்துக்குள் முழு அறிக்கையும் போகவேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் அங்கே குற்றம். அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, பொதுச் சொத்தைப் பாதுகாப்பதும் அதன் துஷ்பிரயோகத்தையும் விரயத்தையும் எதிர்ப்பதும் இலங்கையில் உள்ள ஒவ்வொருவரின் கடமை என்கிறது. அந்தக் கடமைகளை நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது என்று அடுத்த உறுப்புரை சொல்வது உண்மைதான். ஆனாலும் மனுவின் முதல் பக்கத்தில் அதை எழுதும் சட்டத்தரணி வீணாக எழுதவில்லை. அரசியலமைப்பே செய் என்று சொன்னதைச் செய்தவரைத் தண்டிக்க எந்தச் “சேவையின் தேவை” இருக்க முடியும்?

தெருவில் சொன்னால் நிலைமை வேறு. தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம், ஊடகங்களுக்குத் தகவல் கொடுக்கும் அதிகாரத்தைச் செயலாளர், திணைக்களத் தலைவர் போன்றோரிடம் வைத்திருக்கிறது. 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு அதையே சமூக ஊடகங்களுக்கும் நீட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே பேஸ்புக்கில் வவுச்சரைப் படம் பிடித்துப் போட்டவருக்கு எதிராகக் கந்தோரின் கையில் ஆயத்தமாக ஓர் ஆயுதம் இருக்கும். பழிவாங்கல் அந்த ஆயுதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) ஓரளவு கேடயம் தருகிறது: அந்தச் சட்டத்தின் கீழ் வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்ட ஊழியரை ஒழுக்காற்று நடவடிக்கை உட்பட எந்த விதத்திலும் தண்டிக்கக் கூடாது என்கிறது 40ஆம் பிரிவு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தகவல் தருபவரையும் முறைகேட்டை வெளிப்படுத்துபவரையும் பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்தின் பதிவுத் தபால் துண்டு ராத்தாவின் கையில் இருந்தால் அது பிறகு பெறுமதியான தாள்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் சட்டம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத ஒரு திருப்பம் எடுத்தது. லொஸ் ஏஞ்சலிஸில் அரச வழக்குத்தொடுநராக இருந்த ரிச்சர்ட் செபாயோஸ், பொலிஸ் பெற்ற தேடுதல் ஆணை ஒன்றின் சத்தியக் கடதாசியில் பொய் இருப்பதாக மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினார். அதன்பின் இடமாற்றமும் பதவி உயர்வு மறுப்பும் வந்தன என்று வழக்குப் போட்டார். 2006 மே மாதம் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவரைக் கைவிட்டது. உத்தியோகக் கடமையின் பகுதியாக எழுதியது ஊழியரின் பேச்சே அல்ல, அதற்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு இல்லை என்பது தீர்ப்பு. அதாவது அகப்பை பிடிக்கிறவர் இறைச்சி குறைவு என்று சொன்னால் பாதுகாப்பில்லை. வழிப்போக்கர் சொன்னால் உண்டு. உள்ளே சொல்வதே ஒழுங்கு என்று ஊழியருக்குப் படிப்பித்துவிட்டு, உள்ளே சொன்னவரைப் பாதுகாக்க மறுப்பது எந்த நியாயம்? நம்முடைய 12(1) அந்தப் பொறியில் விழவேண்டியதில்லை. அது பேச்சை அளப்பதில்லை, முடிவெடுத்தவரின் நோக்கத்தை அளக்கிறது. நம் சட்டம் இந்த ஓர் இடத்தில் விசாலமானது என்று நினைக்கிறேன்.

அடுத்தது, பாதிப்பு. இதில் நீண்டு பேச ஒன்றுமில்லை. இடமாற்றம், பணி இடைநிறுத்தம், சம்பள உயர்ச்சி நிறுத்தம், பதவி உயர்வு மறுப்பு என்று தாளில் வந்த எதுவும் பாதிப்பே. மேசையை மூலைக்குத் தள்ளுவது, தேநீர் நேரத்தில் யாரும் பேசாமல் விடுவது போன்றவை மனதை அதிகம் அறுக்கும், ஆனால் தனியாக நின்று வழக்காகாது. பின்னணிச் சாட்சியாக வரலாம்.

மூன்றாவது, இரண்டுக்கும் உள்ள தொடுப்பு. இங்கேதான் சமையல் தெரிந்தவர்களுக்குச் சட்டம் சட்டென்று விளங்கும். சோறு அடிப்பிடித்துவிட்டது. ராத்தா சொன்ன பிறகு யாரோ வேண்டுமென்று தீயைக் கூட்டியதால் பிடித்ததா, அவர் வாய் திறக்குமுன்பே பிடித்திருந்ததா? தலைமை அலுவலர் சொல்லப் போவது ஒன்றே ஒன்று: “அவர் முந்தியே சரியில்ல, எப்படியும் மாத்தத்தான் இருந்தம்.” 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மவுண்ட் ஹெல்தி என்ற ஒஹையோ மாநிலக் கல்விச் சபையின் வழக்கில் இதைத்தான் ஆராய்ந்தது. நிரந்தரமாகாத ஆசிரியர் ஒருவர், பாடசாலையின் உடை விதி பற்றிய சுற்றறிக்கையை வானொலிக்குச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் மாணவிகளுக்கு ஆபாசச் சைகை காட்டியதும் பதிவில் இருந்தது. வானொலிக்குச் சொன்னது முக்கிய காரணமாக இருந்தது என்று ஊழியர் காட்டட்டும். அது இல்லாவிட்டாலும் இதே முடிவை எடுத்திருப்போம் என்று நிர்வாகம் காட்டட்டும் என நீதிமன்றம் பாரத்தை இரண்டு பக்கமும் பங்கிட்டது. நம் நீதிமன்றம் அந்தச் சூத்திரத்தை வரிக்கு வரி பின்பற்றவேண்டிய கடப்பாடு இல்லை. கேள்வி மட்டும் எங்கும் ஒன்றுதான்.

அதற்கான விடை ஆட்களின் வாயிலிருந்து வருவது அரிது. தலைமை அலுவலர் புதுக்கடையில் நின்று “ஓம், கோபத்தில்தான் செய்தேன்” என்று சொல்லமாட்டார். விடை திகதிகளில் இருக்கிறது. மார்ச் 3க்கு முன் ராத்தாவின் சுயகோவையில் ஓர் எச்சரிக்கைக் கடிதமாவது இருந்ததா? வருடாந்த இடமாற்றப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததா, பட்டியலுக்கு வெளியேயா மாற்றினார்கள்? அதே நாளில் நேரத்தோடு போன மற்றவர்களுக்கும் விளக்கம் கோரிக் கடிதம் போனதா? அவருடைய இடத்துக்கு வந்தவர் யார்? ஒரு நல்ல சட்டத்தரணி கதையைக் கேட்பதற்கு முன் ஒரு வெற்றுத் தாளை நீட்டி, திகதியும் நடந்ததும் மட்டும் எழுதச் சொல்வார். அந்தத் தாளே பாதி மனு.

ஆகவேதான் மார்ச் 3ஆம் திகதிக் கடிதத்தில் கந்தோரின் “கிடைத்தது” முத்திரை இருக்கவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். நம் ஊரில் எழுதிக் கொடுப்பதென்றாலே ஒரு கூச்சம். பெட்டிசம் என்ற சொல்லை நாம் இழிவாக்கி வைத்திருக்கிறோம். பெட்டிசம் போடுகிறவர் என்றால் பெயரில்லாமல் மொட்டைக் கடிதம் எழுதுகிறவர் என்றுதான் மனதுக்கு வருகிறது. பெயரும் ஒப்பமும் திகதியும் இட்டு, நகல் வைத்துக்கொண்டு எழுதுகிற கடிதம் அதற்கு நேர் எதிர்.

பெயரிட்டு எழுதும்போது பயமும் வரும், அது காரணமில்லாத பயமல்ல. இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலை ஆணையகத்தில் பொறியியலாளராக இருந்த சத்யேந்திர துபே, நெடுஞ்சாலை வேலைகளில் நடந்த முறைகேடுகளைப் பிரதமருக்கு எழுதி, தன் பெயரை இரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு கந்தோர் கந்தோராகச் சுற்றியது. 2003 நவம்பர் 27ஆம் திகதி கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு வழிப்பறிக் கொலையாகவே முடிந்தது. பெயர் வெளியே வந்ததற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. இந்தியாவில் அதன் பிறகு எழுந்த குரலால் 2014இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடக்கிறது.

நம் நாட்டுச் செய்தியொன்று சமையலறைக்கே உரியது. 2021 செப்டெம்பரில், சதொசவுக்குரிய வெள்ளைப்பூடு தனியாருக்குக் கைமாறியதை வெளியே சொன்னவர் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்த துஷான் குணவர்தன. அதே மாதம் அவர் பதவி விலகினார். உயர் பதவியில் இருப்பவர் விலகிப் போய் ஊடகத்தில் பேசலாம். மாதச் சம்பளத்தில் கடன் கட்டும் ராத்தாவுக்கு அது வழியில்லை. அவர் கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதினால் “தானாகத்தானே போனார்” என்ற வாதத்தை எதிர்த்தரப்புக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். அடுப்படியை விட்டுத் தன் காலால் வெளியே வராமல் இருப்பதும் வழக்கின் ஒரு பகுதி.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானதுக்கு வருகிறேன். தலைப்பால் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்? நம் வெயிலில் மத்தியானம் பிழிந்தது அஸருக்குப் புளித்துவிடும். அடிப்படை உரிமை மனுவும் அப்படித்தான். 126(2)ஆம் உறுப்புரை தருகிற காலம் ஒரு மாதம். இடமாற்றக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அடித்திருக்கும் திகதியிலிருந்து எண்ணினால் இன்னும் பத்திரம்.

இந்த ஒரு மாதத்தில் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் வாரம் அழுகையில் போகும். இரண்டாம் வாரம், தலைமை அலுவலரின் உறவுக்காரர் ஒருவர் ராத்தாவின் வாப்பாவைப் பள்ளியில் சந்திப்பார். மூன்றாம் வாரம் மரைக்காயர் ஒருவர் சமரசம் பேச வருவார். ராத்தாவின் காக்கா சொல்வார்: “பொறுமையா இரிங்க புள்ள, ரெண்டு மாசத்துல நானே பேசி இஞ்சால எடுத்துத் தாறன். கோட்டுக்குப் போனா நமக்குத்தான் பொல்லாப்பு.” எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பில் ஒரு மாதம் கரைந்து, தலைப்பால் புளித்துவிடும். பயமுறுத்தலால் நின்ற வழக்குகளைவிட இப்படிப் பொறுத்துப் பார்த்ததால் நின்ற வழக்குகளே அதிகம் என்பது என் எண்ணம்.

மேலிடத்துக்கு மேன்முறையீடு எழுதிவிட்டேன், பதில் வந்த பிறகு பார்க்கலாம் என்பதும் அதே பிழை. 1988இல் அறிக்கையிடப்பட்ட கமஎத்திகே எதிர் சிறிவர்தன வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இதைத் தெளிவாக்கினார்: வேறு வழிகளில் நிவாரணம் தேடிக்கொண்டிருப்பது அந்த ஒரு மாதத்தை நிறுத்தி வைக்காது. தன் பிழை எதுவுமில்லாமல், செய்யவே முடியாத நிலையில் தாமதித்தவருக்கு மட்டும் நீதிமன்றம் இரங்கலாம். மேன்முறையீட்டை எழுதுங்கள், மனுவையும் ஆயத்தப்படுத்துங்கள். இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரியட்டும்.

பாலைக் கெடாமல் வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டி உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவுப்படி, ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் பெட்டிக்குள் வைத்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மின்சாரம் இல்லாத பெட்டியில் பால் நிற்குமா? ஆணைக்குழுவிடம் விசாரணை நிலுவையில் உள்ளது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு மாதம் என்பது, புதுக்கடைக்கு நடந்து போகக்கூடியவருக்கே குறைவு. ஓரிரவு பஸ்ஸில் போகவேண்டிய, ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த சட்டத்தரணியைத் தேடவேண்டிய கரையோர ஊர்ப் பெண்ணுக்கு அது அநியாயமான காலம். இதை நாடாளுமன்றம் மாற்றவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தமிழில் மனுப்போட 24ஆம் உறுப்புரை இடம் தருகிறது என்பதையும், வசதியில்லாதவர் பிரதம நீதியரசருக்கோ பதிவாளருக்கோ எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்க 1990ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகள் வழி வைத்திருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நடைமுறையில் இரண்டும் அரிது. சட்டத்தில் இருக்கின்றன.

மனு போய்ச் சேர்ந்ததும் முதலில் சுளகு. குறைந்தது இரண்டு நீதியரசர்கள் முன்னிலையில் சட்டத்தரணி மனுவை ஆதரித்துப் பேசுவார். பார்வைக்கே உரிமை மீறல் தெரிகிறதா என்று புடைத்துப் பார்ப்பார்கள்; உமி பறக்கும், கல் ஒதுங்கும். அனுமதி கிடைக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ஆகவேதான் மனுவோடு போகும் சத்தியக் கடதாசி சுத்தமாக இருக்கவேண்டும்: தெரிந்ததை மட்டும் சொல்லி, ஒவ்வொரு கடிதத்தையும் அடையாளமிட்டு இணைத்து, தனக்குப் பாதகமான கடிதத்தையும் மறைக்காமல் வைத்து. மறைத்தது பிறகு வெளிப்பட்டால் முழு மனுவும் தள்ளுபடியாகலாம். ஒரு கல் பல்லில் பட்டால் முழுச் சோற்றிலும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

அதே நாளில் இடைக்காலக் கட்டளை கேட்கலாம். அது கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பது போல; தீர்ப்பு வரும்வரை இடமாற்றம் நிற்கும். இது கிடைத்தால் பாதி நிம்மதி, ஏனென்றால் மிச்சம் சிறு தீயில் நெடுநேரம் வேகப்போகிறது. இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று 126(5) எழுதியிருக்கிறது. நடப்பில் ஆட்சேபனை, எதிர்ச் சத்தியக் கடதாசி, தவணைமேல் தவணை என்று வருடங்கள் போகும்.

வேறு அடுப்புகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரச ஊழியரானால் பொதுச் சேவைகள் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. மாநகர சபை, பிரதேச சபை போன்ற மாகாண சேவையானால் அதிகாரம் ஆளுநரிடமும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடமும் இருக்கும். மாகாண விடயங்களில் எழுத்தாணை கேட்டு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். நியமனக் கடிதத்தை எடுத்து, அதில் ஒப்பமிட்டது யார் என்று பார்த்தாலே எந்த அடுப்பு என்பது தெரியும்.

வென்றால் என்ன? “நீதியும் ஒப்புரவுமானது” என்று தோன்றும் எந்த நிவாரணத்தையும் தர 126(4) உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. உரிமை மீறப்பட்டது என்ற பிரகடனம், இடமாற்றத்தை வெறிதாக்கல், நட்டஈடு. அந்த நட்டஈடு திறைசேரியிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டும் என்று ஏழு நீதியரசர்கள் தீர்ப்பளித்தார்கள். இறைச்சியை எடுத்த கைதான் நட்டத்தையும் கட்டவேண்டும், மறுபடி ஊரில் தண்டக்கூடாது என்பதே அதன் நியாயம்.

தலைமை அலுவலருக்குப் பின்னால் ஓர் அரசியல்வாதி நின்றால்? நம் பகுதியில் அது அபூர்வமல்ல. அவர் அரச அலுவலரல்லவே, எப்படிப் பிரதிவாதியாக்குவது என்று கேட்பார்கள். 1993இல் தீர்க்கப்பட்டு 1995 சட்ட அறிக்கையில் வந்த பாயிஸ் எதிர் சட்டமா அதிபர் வழக்கு இதற்கு விடை. மனுதாரர் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர். பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே அரசியல்வாதிகளின் தாக்குதலுக்கு ஆளானார். மீறல் நிர்வாகச் செயலாக இருந்தால் போதும், செய்தவர் நிர்வாக அலுவலராக இருக்கவேண்டும் என்று 126ஆம் உறுப்புரை கேட்கவில்லை. நிர்வாகத்தின் அதிகாரத்தோடும் துணையோடும் வெளியாள் செய்ததும் நிர்வாகச் செயலே என்றது உயர் நீதிமன்றம். தன் கையால் அகப்பையைப் பிடுங்காமல், பிடுங்கச் சொல்லிக் கண் காட்டியவரும் சமையலறைக்குள் இருந்தவர்தான்.

நம் ராத்தாவிடம் திரும்புவோம். மார்ச் 24 கடிதம் வந்தது. ஏப்ரல் 2 மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு. விசாரணை தொடங்கியதாக எழுத்தில் ஒரு வரி. அதை நம்பி அவர் ஓய்ந்திருக்கவில்லை. புத்தாண்டு விடுமுறை குறுக்கே வருகிறது, சட்டத்தரணியின் கந்தோர் பூட்டியிருக்கிறது. ஏப்ரல் 16 சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியில் ஒப்பமிடுகிறார். காக்கா இன்னமும் கோபம்தான், ஆனால் பஸ் நிலையம் வரை பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோவை, அதில் முதலாவதாக அடையாளமிட்ட தாள் மார்ச் 3ஆம் திகதிக் கடிதத்தின் நகல். அதன் மேல் மூலையில் ஊதா மையில், கொஞ்சம் சரிந்து, கந்தோரின் முத்திரை விழுந்திருக்கிறது: கிடைத்தது.